குழந்தைகளின் நோயெதிர்ப்புக் குறைவும் நம் குலத்தார் கடமையும்

(நமது சங்கத்தின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இம்மகாசபையில் கல்வியைப் பற்றியும், கைத்தொழிலைப் பற்றியும், வாணிகத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று எனக்குப் பணித்த விஷயம் அவற்றினும் நம் இல்லங்களுக்கு அணித்தாயுள்ளது. ஆயினும் நாம் வாய்திறந்து பேசக் கூசுவது. பிறவியிலேயே நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிய குழந்தைகளைப் பற்றியும், அவர்களைக் காக்கும் சிகிச்சைகளைப் பற்றியும், அந்நோய்க்கும் நம் விவாக வழக்கங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். சபையோர் பொறுமையுடன் செவிசாய்த்தருளக் கோருகின்றேன்.

ஒரு வீட்டில் தலைச்சன் குழந்தை பிறந்து ஐந்தாறு மாதத்தில் நெஞ்சுச்சளி கண்டு இறக்கின்றது. இரண்டாவது குழந்தையும் அவ்வண்ணமே பேதியும் காய்ச்சலுமாகி மெலிந்து மறைகின்றது. பட்சிதோஷம் என்பார் சிலர். கண்ணேறு என்பார் சிலர். குலதெய்வத்திற்குச் செய்யவேண்டியதைச் செய்யத் தவறிய குற்றம் என்பார் சிலர். முடிவில் பழி முழுவதும் மருமகள் தலையில் வந்து விழுகின்றது; அவள் வந்த வேளை சரியில்லை என்றும், அவள் பாலில் குற்றம் என்றும் பேசுகின்றோம். அக்குழந்தைகளுட் சிலரேனும் பெயரிட்டுக் கூறத்தக்க, இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்கத்தக்க, காலத்தில் அறிந்தால் குணப்படுத்தவும் தக்க ஒரு வியாதியால் இறந்தவர்கள் என்பதை நாம் அறிதல் வேண்டும்.

நம் தேகத்தை ஒரு கோட்டைக்கு ஒப்பிடலாம். தோல் அதன் மதில். மதிலைக் கடந்து புகும் கிருமிகளை எதிர்க்க இரத்தத்தில் வெள்ளணுக்கள் என்னும் காவற்படை உண்டு. அவற்றுட் சில கிருமியைக் கண்டவிடத்தே விழுங்கி அழிக்கும். பி அணுக்கள் என்பன எதிர்ப்பொருள் என்னும் புரதத்தை உண்டாக்கி இரத்தத்தில் விடும். டி அணுக்கள் என்பன படைத்தலைவர் போன்றவை. பிற அணுக்களை ஏவுவதும், கிருமி குடிகொண்ட அணுக்களை அழிப்பதும் இவற்றின் வேலை. இப்படையின் ஏதேனும் ஒரு பிரிவு, மரபணுவில் உள்ள ஒரு பிழையினால், பிறக்கும்போதே இல்லாமற் போவதுண்டு. அல்லது இருந்தும் பயனற்றுப் போவதுண்டு. இதனையே பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு என்பர். இவ்வகையில் 450க்கு மேற்பட்ட நோய்கள் இதுகாறும் அறியப்பட்டுள்ளன. இஃது எச்.ஐ.வி. கிருமியால் பின்னர் வந்து சேரும் குறைவன்று; ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதும் அன்று. ஆதலின் இக்குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் அயலார் ஐயுறுதற்கு ஒரு காரணமும் இல்லை.

இத்துறையின் வரலாறு நெடியதன்று. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து வால்டர் ரீட் இராணுவ ஆஸ்பத்திரியில் ஆக்டன் புரூட்டன் என்னும் வைத்தியர், மீண்டும் மீண்டும் கடுஞ்சுரமும் இரத்தத்தில் கிருமி பரவுதலும் கண்ட 8 வயதுச் சிறுவன் ஒருவனைச் சோதித்தார். அவன் இரத்தத்தில் காமா குளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் அறவே இல்லை என்று கண்டார். பிறர் இரத்தத்தினின்று பிரித்தெடுத்த அப்பொருளைத் தோலின் கீழ் ஊசிவழி ஏற்றினார். சிறுவனுக்கு அடுத்தடுத்து வந்த நோய் நின்றது. இல்லாத பொருள் எது என்றறிந்து, அதனையே கொடுத்துக் காத்த முதல் உதாரணம் இதுவாம். அந்நோய்க்குக் காரணமான மரபணு 1993ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இந்நோயுடைய ஆண் குழந்தை முதல் ஆறு மாதம் வரை நலமாகவே இருப்பான். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் அதுவரை அவனைக் காக்கும். அது தேய்ந்த பின்னரே தொல்லை தொடங்கும். தாயைப் பழிப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இவற்றுள் மிகக் கொடியது, டி அணுக்கள் இல்லாமலும் அதனால் பி அணுக்கள் இருந்தும் செயலற்றும் போகும் கடுங் கூட்டுக் குறைபாடு. இது கண்ட குழந்தைகள் சிகிச்சையின்றி ஓரிரு ஆண்டுக்கு மேல் வாழ்தல் அரிது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் டேவிட் வெட்டர் என்னும் பாலகன் 1971ஆம் ஆண்டு பிறந்தான். அவனுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை இந்நோயால் 7 மாதத்தில் இறந்தமையின், வைத்தியர்கள் முன்னரே ஆயத்தமாயிருந்து, பிறந்த சில நொடிகளில் அவனைக் கிருமியற்ற பிளாஸ்டிக் கூடாரத்துள் வைத்தனர். ஏறக்குறைய 12 ஆண்டு அவன் அதனுள்ளே வளர்ந்தான். தாயின் கரம் உறையிட்டே அவனைத் தீண்டிற்று. 1983ஆம் ஆண்டில் அவன் தமக்கையின் எலும்பு மஜ்ஜை அவனுக்கு ஏற்றப்பட்டது. அம்மஜ்ஜையில் மறைந்திருந்த ஒரு வைரஸ் அவனுக்குப் புற்றுநோயை விளைவிக்க, 1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவன் உயிர்நீத்தான். அக்காலத்தில் அவ்வைரஸை முன்னதாகக் கண்டறியும் வழி இல்லை, இன்று உண்டு.

மஜ்ஜை மாற்றம் இந்நோயைத் தீர்க்கும் என்பதை 1968ஆம் ஆண்டிலேயே மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சார்ந்த ராபர்ட் குட் என்பவர், ஒரு சிசுவுக்கு அதன் சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்திக் காட்டியிருந்தார். இப்பொழுது அறிந்திருக்கும் பெரிய உண்மை யாதெனின், இச்சிகிச்சையில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது காலமே என்பதாம். வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மஜ்ஜை பெற்ற 240 சிசுக்களைப் பற்றி 2014ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பிறந்து மூன்றரை மாதத்திற்குள் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். நோய்த்தொற்று முற்றிய நிலையில் வந்தவர்க்கு அவ்வாய்ப்பு மிகக் குறைந்தது. இதனையறிந்தே அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணம் 2008ஆம் ஆண்டில், பிறந்த குழந்தை யாவற்றுக்கும் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இந்நோயைத் தேடும் முறையைத் தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டின் இறுதிக்குள் அந்நாட்டு மாகாணங்கள் யாவும் அதனை மேற்கொண்டன. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்பரிசோதனை நடைபெறாமையால், தாய் தந்தையரின் விழிப்பே நமக்குப் பரிசோதனையாக நிற்கின்றது.

எவ்வடையாளங்களைக் கண்டு விழித்தல் வேண்டும் எனின், கூறுவேன். ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ நிமோனியா காணுதல். ஓராண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ் வைத்தல். இரண்டு மாதம் கிருமிக்கொல்லி மருந்துண்டும் குணமாகாமை. குழந்தை எடை ஏறாமல் மெலிதல். ஒரு வயதிற்குப் பின்னும் வாயில் அக்கரம் எனும் வெண்படலம் நீங்காமை. தோலிலோ, ஈரலிலோ, நிணநீர்க் கழலையிலோ அடிக்கடி ஆழ்ந்த கட்டிகள் தோன்றுதல். குடும்பத்தில் முன்னர் இவ்வாறு குழந்தை இறந்திருத்தல் — இவற்றுள் இரண்டு கூடினால் வைத்தியரிடம் நோயெதிர்ப்பைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். இன்னொன்று நம் பாட்டிமார் எளிதிற் காணத்தக்கது. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுதல் இயல்பு. ஒரு மாதம் ஆகியும் விழாமல், அவ்விடம் சிவந்து, ஆயினும் சீழ் கட்டாமல் இருப்பின், வெள்ளணுக்கள் இரத்தக்குழாயை விட்டு வெளியேற இயலாத ஒரு நோய் இருத்தல் கூடும். அதனை உடனே சோதித்தல் வேண்டும்.

இதனைக் கேட்டு எல்லாத் தாய்மாரும் அஞ்ச வேண்டுவதில்லை. நல்ல தேகமுடைய சிறு குழந்தைக்கும் ஆண்டில் ஆறெட்டு முறை ஜலதோஷம் வருதல் இயல்பே. வந்த நோய் நீங்கி, இடையில் குழந்தை நன்கு உண்டு எடை ஏறுமாயின் கவலையில்லை. ஐயம் உள்ளவிடத்தும் முதற் பரிசோதனை எளியது. எவ்வூரிலும் செய்யும் இரத்த அணுக்கணக்கே போதும். அதில் லிம்போசைட் என்னும் வெள்ளணுவின் தொகை, சிசுவின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 3,000க்குக் குறைந்திருப்பின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. பல வேளைகளில் அவ்வெண் காகிதத்தில் அச்சாகியிருந்தும், நோக்குவார் இன்மையால் குழந்தை இழக்கப்படுகின்றது.

இங்கு இரண்டு எச்சரிக்கை கூறுதல் என் கடமை. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியும், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்தும் கொடுக்கப்படுகின்றன. இவ்விரண்டும் வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமிகளால் ஆயவை. நலமுள்ள குழந்தைக்கு இவை பெருங் காப்பு. எவரும் இவற்றைக் கைவிடலாகாது. ஆனால் டி அணுக்கள் இல்லாத குழந்தையின் உடலில் அப்பி.சி.ஜி. கிருமியே பரவி உயிருக்கு இடர் விளைக்கும். ஆதலின், முன்னர் ஒரு குழந்தையைச் சிசுப் பருவத்தில் நோய்த்தொற்றால் இழந்த குடும்பத்தார், அடுத்த பிரசவத்திற்கு முன்பே அதனை வைத்தியரிடம் சொல்லி, இரத்தம் சோதித்த பின் அவ்வூசி போடக் கேட்டல் வேண்டும். அவ்வாறே, இக்குறை ஐயுறப்படும் சிசுவுக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சால் பக்குவம் செய்த இரத்தமே ஏற்றல் வேண்டும். அல்லாக்கால் தானம் செய்தவரின் வெள்ளணுக்களே குழந்தையின் உடலைத் தாக்கும்.

இனி இந்நோய் எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்குவோம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரட்டைப் படியாக, தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றும் வருவது. ஒரு படியில் பிழையிருந்து மற்றொன்று செம்மையாயின், பெரும்பாலும் நோய் தோன்றுவதில்லை. அம்மனிதர் நலமாகவே வாழ்வர். அத்தகைய பிழையுடைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 4இல் 1 பங்கு நோய் வரும் வாய்ப்புண்டு. வேறு சில நோய்கள் தாயின் ஒரு குரோமோசோம் வழியே ஆண் மக்களுக்கு மட்டும் வருவன; புரூட்டன் கண்டது அவ்வகை. அவையும் சில வேளை புதிதாகத் தோன்றுவன. எவ்வகையாயினும், தான் அறியாமல் சுமந்த ஒரு பிழைக்குத் தாயோ தந்தையோ குற்றவாளி ஆகார்.

ஆயினும் அறிந்தபின் செய்யும் தேர்வுக்கு நாம் பொறுப்பாளிகள். இருவரிடத்தும் ஒரே பிழை இருத்தற்கு அவர்கள் ஒரே மூதாதையரின் வழிவந்தவராய் இருத்தல் பெருங் காரணம். தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரி 8இல் 1 பங்கு இருபுறத்தும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே படியாய் அமையும். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் 16இல் 1 பங்கு அவ்வாறு அமையும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 28 பேர் உறவினரை மணந்தவர் என்று கண்டனர். இந்தியா முழுவதற்கும் அது நூற்றுக்கு 11.

“நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக முறைப்பெண்ணையே கொண்டனரே, அவர்கள் கெட்டனரோ?” என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. உறவில் மணந்தோர் மக்களுள் மிகப் பெரும்பாலார் நலமாகவே பிறக்கின்றனர் என்பது உண்மை. முன்னோர் காலத்தில் பத்துப் பெற்று நாலைந்து இழப்பது எவ்வீட்டிலும் இயல்பாயிருந்தது. அம்மையும் பேதியும் கொண்டுபோன கூட்டத்தில் இந்நோயால் இறந்த குழந்தை தனித்துத் தோன்றவில்லை. இன்று ஒன்றோ இரண்டோ பெறும் காலத்தில் அது தனித்துத் தோன்றுகின்றது. சொத்துப் பிரியாமலும், பெண் கண்ணெதிரே வாழவும் அவர்கள் கண்ட வழி அது. அவ்வன்பை நாம் போற்றலாம், அவ்வழியை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒன்று கூறுவேன்; அது இச்சங்கத்தின் அடிப்படையையே தொடுவதாயினும் மறைத்தல் முறையன்று. சொந்த உறவில் மணவாமல் குலத்துக்குள் மணந்தால் போதும் என்று கருதுகின்றோம். ஐதராபாத்து விஞ்ஞானி தங்கராஜும், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த டேவிட் ரைக்கும் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தென்னாசியாவின் 263 சமூகங்களை நோக்கினர். அவற்றுள் 81இல், சிலரே மூதாதையராய் நின்று பல நூற்றாண்டு தமக்குள்ளேயே மணந்ததன் அடையாளம், பின்லாந்து நாட்டாரிடத்தும் அஷ்கெனாஸி யூதரிடத்தும் காணப்படுவதினும் மிகுந்திருந்தது. அதாவது, நாம் பங்காளி உறவு என்று கருதாத இருவரும் மரபணுவில் நெருங்கிய உறவினராய் இருத்தல் கூடும். குலத்திற்கு வெளியே மணம் நாடும் நம் இளைஞரை வெறுத்து ஒதுக்குவோர், இவ்விஞ்ஞான உண்மையையும் ஒருபால் வைத்து எண்ணிப் பார்ப்பாராக.

இப்பொழுது கூறிய யூதர் செய்த ஏற்பாடு ஒன்று நமக்குப் பாடமாகும். அவர்களிடை டே-ஸாக்ஸ் என்னும் நரம்பு நோய் மிகுதி. அந்நோயால் தம் மக்கள் நால்வரை இழந்த ஜோசப் எக்ஸ்டைன் என்னும் குரு, 1983ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டார். இளைஞரின் இரத்தத்தைச் சோதித்துப் பெயரின்றி ஓர் எண் மட்டும் கொடுப்பர். சம்பந்தம் பேசும்போது இருவர் எண்ணையும் கூறினால், பொருந்துமா பொருந்தாதா என்பது மட்டும் தெரிவிக்கப்படும். எவர்க்கும் இழுக்கில்லை, நோயும் பெரிதும் அருகிற்று. ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்க்கும் நமக்கு இது புதுமையாகாது. ஆனால் நம்மிடை எப்பிழை பரவியுள்ளது என்று தெரிந்தாலன்றி அத்தகைய சோதனை இயலாது. அதற்கு முதற்படி, நோயுற்ற குழந்தையின் மரபணுவைச் சோதித்தறிவதே. குழந்தை பிழைக்காது என்று வைத்தியர் கூறிய துயர வேளையிலும், சிறிது இரத்தத்தைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அதனால் பிழை இன்னதென்று தெரியின், அடுத்த கருவை 11 வாரத்திற்குப் பின் சோதித்தறியலாம். பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளிலேயே காப்பளிக்கலாம்.

சிகிச்சைகள் நம் நாட்டிலேயே உள்ளன. எதிர்ப்பொருள் குறைந்தவர்க்கு, தானம் செய்த ஆயிரக்கணக்கானோர் இரத்தத்தினின்று பிரித்த இம்யூனோகுளோபுலினை மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை நரம்பிலோ, வாரந்தோறும் தோலின் கீழோ செலுத்துவர். அதனைப் பெறும் குழந்தை பள்ளி சென்று, விளையாடி வளரலாம். கிருமியை விழுங்கியும் கொல்லமாட்டாத வெள்ளணுக்களை உடையவர்க்கு நாள்தோறும் தடுப்பு மருந்து உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெற்று வருகின்றது, சென்னையிலும் செய்கின்றனர். சண்டிகரிலும் மும்பையிலும் இந்நோய்களை ஆராயும் நிலையங்கள் உள்ளன. பிழைபட்ட மரபணுவுக்குப் பதில் செம்மையானதைப் புகுத்தும் முறை 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சிறுமிக்கு முதலில் செய்யப்பட்டது. பின்னர்ப் பாரிஸ் நகரில் சிலர் குணமடைந்தனர், அவருட் சிலர்க்கு இரத்தப் புற்றுநோயும் வந்தது. அம்முறை திருந்தி வளர்கின்றது. ஆயினும் நம்மவர்க்கு இன்று கைக்கெட்டுவது மஜ்ஜை மாற்றமே. பொருட்செலவு பெரிது. இந்திய அரசாங்கம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அரிய நோய்களுக்கான கொள்கையில் இந்நோய்களும் அடங்கும். 2022ஆம் ஆண்டில் உதவித்தொகை, குறித்த உயர்சிறப்பு நிலையங்களின் வாயிலாக, ஒருவர்க்கு 50 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தப்பட்டது. இதனை அறியாமல் நிலத்தை விற்பாரும் உளர். சிகிச்சையைக் கைவிடுவாரும் உளர்.

ஆகவே மகாஜனங்களே! இச்சங்கம் நான்கு காரியங்களை மேற்கொள்ள வேண்டுமென்று பணிவுடன் பிரேரேபிக்கின்றேன். முதலாவது, கல்வி உதவி நிதியைப் போலவே குழந்தை வைத்திய நிதி ஒன்று ஏற்படுத்தி, அரசாங்க உதவிக்கு விண்ணப்பம் எழுதித் தர ஒருவரை நியமித்தல். இரண்டாவது, ஆண்டு விழாவில் இரத்ததானமும், மஜ்ஜை தானம் செய்ய விரும்புவோரின் பதிவும் நடத்துதல். மரபு நெருங்கியவரிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாதலின், எந்த நெருக்கம் நோயைத் தந்ததோ அதுவே மருந்தையும் தரக்கூடும். மூன்றாவது, நம் சஞ்சிகையின் வரன் பகுதியில் இரத்த உறவு விவாகத்தை விரும்பி வெளியிடும் விளம்பரங்களை ஏற்காதிருத்தல். நான்காவது, குழந்தையை இழந்த குடும்பத்தார் அச்சமின்றி வந்து சொல்ல, அதனைக் காக்கத்தக்க மூத்த தாய்மார் இருவரை நியமித்தல். சொன்னால் இளைய பெண்ணுக்குச் சம்பந்தம் வாராது என்று அஞ்சி மறைப்பதனாலேயே அடுத்த குழந்தையும் போகின்றது.

இவற்றுள் எதனையேனும் ஏற்பது சபையோரின் சித்தம். எதனையும் ஏற்காவிடினும், இன்று வீடு சென்றதும், குழந்தையை இழந்த மருமகளோ மகளோ உங்கள் இல்லத்தில் இருந்தால், அது அவள் குற்றமன்று என்று அவளிடம் ஒரு சொல் கூறுங்கள். அடுத்த கருவுக்கு முன் அவளையும் மகனையும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.